ஊண் உறக்கம் மறந்தால்தான் தொழிலா?

ஆசிரியருக்கு,

ஊண் உறக்கம் மறந்து உழைத்தால்தான் புதிய நிறுவனம் நிலைக்கும் என்ற பேச்சு அலுத்துவிட்டது. தொடக்கத்தில் சில மாதங்கள் அப்படித்தான் ஓடும், மறுக்கவில்லை. மூன்றாம் ஆண்டிலும் ஒவ்வொரு பில்லிலும் நிறுவனரே கையெழுத்திடுகிறார், வாடிக்கையாளர் புகாருக்கு நள்ளிரவில் அவரே பதில் எழுதுகிறார் என்றால், பொறுப்பை ஒப்படைக்க அவருக்குத் தெரியவில்லை என்றே சொல்வேன். இதற்குத் தியாகம் என்று பட்டம் வேறு!

வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம், 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கூட்டாக அறிவித்தன. நிறுவனர் ஒரு மாதம் படுத்துவிட்டால் தொழிலை யார் நடத்துவார் என்று பணம் போடுபவர்கள் முதலில் கேட்கட்டும்.

- வாசகர் ஒருவர்