கல்லீரலைத் தாண்டி எலும்பு மஜ்ஜைக்கு: உயிரித் தொழில்நுட்பத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையினருக்கும் அதன் நிதியில் ஆய்வு செய்யும் அறிவியலாளர்களுக்கும் வணக்கம்.

கேரளத்தின் அட்டப்பாடியில் தமிழ்வழியில் உயிரியல் கற்பிக்கிறேன். அகளி, சோலையூர், புதூர் பகுதிகளின் பழங்குடிக் குடும்பங்களில், ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து கடும் வலி தரும் பரம்பரை நோயான அரிவாளணுச் சோகை தலைமுறைகளாகத் தொடர்கிறது. இந்தியாவில் இந்நோய் முதலில் பதிவானதே 1952இல், பக்கத்து நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். வலி தாளாமல் வகுப்பில் சுருண்டுவிடும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

இந்நோய்க்கு 2023இல் அமெரிக்கா அனுமதித்த காஸ்ஜெவி என்ற மரபணு சிகிச்சையின் விலை 22 லட்சம் டாலர். எலும்பு மஜ்ஜையில் இருந்து ரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்களை வெளியே எடுத்துத் திருத்தி, கடுமையான மருந்தால் மஜ்ஜையைக் காலி செய்து, பிறகு திரும்பச் செலுத்த வேண்டும். எங்கள் ஊர்களில் யாருக்கு இது எட்டும்?

மரபணுவைத் திருத்தும் மருந்தைக் கொழுப்பு நானோதுகளில் (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய கொழுப்பு உருண்டையில்) பொதிந்து ஊசியாகவே போட முடிந்தால் நிலைமை மாறும். தடை கல்லீரல்தான். ரத்தத்தில் கலந்ததும் அபோ-ஈ என்ற புரதம் துகளில் ஒட்டிக்கொள்கிறது. கொலஸ்டிரால் வந்திருப்பதாக எண்ணிக் கல்லீரல் அதை வாரி எடுத்துக்கொள்கிறது. 2018இல் அனுமதி பெற்ற பட்டிசிரான் என்ற மருந்தும், 2025இல் பிலடெல்பியாவில் ஒரு குழந்தைக்கென்றே உருவாக்கிய மரபணு மருந்தும் கல்லீரலில் உருவாகும் கோளாறுகளை இலக்காகக் கொண்டதால்தான் இந்த வழி அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. எங்களுக்கு வேண்டியது, ரத்த அணுக்கள் உருவாகும் மஜ்ஜை. குருத்தணுக்களைப் பற்றும் எதிர்ப்புரதத்தைத் துகளின் மேல் பதித்து, எலிகளின் மஜ்ஜைக்கு மருந்தைக் கொண்டுசேர்க்கலாம் என்று 2023இல் காட்டியிருக்கிறார்கள். அந்த வழியில் நம் ஆய்வகங்களும் இறங்க வேண்டும்.

உயிரணுவுக்குள் போன பிறகும் சிக்கல் தீர்வதில்லை. துகள் ஒரு சிறு பையில் மாட்டிக்கொள்கிறது. மிகச் சிறு பங்குதான் தப்பி வெளியேறுகிறது. பைக்குள் அமிலத்தன்மை கூடும்போது நேர்மின்னூட்டம் பெற்று அதை உடைக்கும் கொழுப்பு மேம்பட்டால், மருந்தின் அளவும் செலவும் குறையும்.

குளிர்பதனத்தை மறந்துவிடாதீர்கள். மைனஸ் 70 டிகிரிப் பெட்டி எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு வராது. மழைக்காலத்தில் மின்சாரமே நிலையாக இருப்பதில்லை. புனேயில் உருவான எம்.ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் மூலக்கூறு) தடுப்பூசி, உலர்த்திய பொடியாக 2 முதல் 8 டிகிரியில் தாங்குகிறது. அதில் மருந்தைச் சுமக்கும் பொருள் வேறு வகை என்றாலும், அந்த நோக்கம் இங்கும் வேண்டும்.

2047க்குள் இந்நோயை ஒழிப்பதாக அரசு சொல்லியிருக்கிறது. நோயைக் கண்டறியும் பரிசோதனையோடு நின்றுவிடாமல், மஜ்ஜையை அடையும் துகள்களுக்கென்று அடுத்த நிதி அறிவிப்பிலேயே தனித் தலைப்பு ஒதுக்குங்கள். மனிதரில் சோதிக்கும் நாள் வந்தால், ஒப்புதல் கேட்கும் முன் எங்கள் மக்களுக்கு இருளர் மொழியிலும் விளக்குங்கள்.