உறைய வைத்துத்தான் உறையாமல் செய்கிறது

அன்புள்ள மாலதி,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்ததில் எனக்கும் ரொம்ப சந்தோஷம்.

கண்ணாடி விரியன் விஷம் இரத்தத்தை உறைய வைக்குமா, உறையாமல் செய்யுமா என்று கேட்டிருந்தாய். இரண்டும்தான். இரத்தம் உறைவதற்கென்று நம் உடம்பில் இருக்கும் புரதங்களை அந்த விஷம் தேவையே இல்லாமல் முடுக்கிவிடுகிறது. இரத்தக் குழாய்களுக்குள் ஆங்காங்கே உறையத் தொடங்கி, உறைகட்டிக்கு மூலப்பொருளான ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கையிருப்பு முழுக்கக் காலியாகிவிடும். அப்புறம் ஈறிலிருந்தும் கடிவாயிலிருந்தும் இரத்தம் நிற்காமல் கசியும். சிறுநீரகமும் அடிவாங்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. கொஞ்சம் இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார்கள். தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். பிளாஸ்டிக் குழாய் உதவாது, கண்ணாடி பட்டால்தான் உறைதல் ஒழுங்காகத் தொடங்கும். மகளுக்குச் சொல்லி வை.

எனக்கு அதிகம் பயம் கட்டுவிரியன்மேல்தான். தூக்கத்தில் கடித்தால் வலியே தெரியாது, பல் தடம்கூடப் பல நேரம் கண்ணில் படாது. விடிகாலையில் வயிற்றுவலி வரும், இமை சரியும், தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடுவார்கள். பிறகு விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசையும் ஓய்ந்துவிடும். நல்ல பாம்பின் விஷம் நரம்பு அனுப்பும் செய்தியை வாங்கும் தசைப் பக்கத்து ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது, அதை மருந்தால் ஓரளவு விலக்கலாம். கட்டுவிரியன் விஷமோ நரம்பின் நுனியையே சிதைத்துவிடும். விஷமுறிவு மருந்து இரத்தத்தில் மிச்சமிருக்கும் விஷத்தைப் பிடிக்குமே தவிர, சிதைந்த நுனியை ஒட்டவைக்காது. அது திரும்ப வளரும்வரை வென்டிலேட்டர்தான் துணை. கண் திறக்க முடியாமல் கிடப்பவருக்கு நாம் பேசுவதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம், பலர் இதை யோசிப்பதே இல்லை.

இறுக்கிக் கட்டுவது, கீறி உறிஞ்சுவது எதுவும் வேலைக்காகாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் எழுதிக்கொடுத்தார்கள் என்று அலுத்துக்கொண்டாயே, அதற்கும் பாம்புக்கும் உறவு உண்டு. பிரேசிலின் ஜராராக்கா விரியன் கடித்தால் இரத்த அழுத்தம் விழுந்துவிடும். 1960களில் செர்ஜியோ ஃபெரைரா என்ற பிரேசில் விஞ்ஞானி அந்த விஷத்தில் கண்டெடுத்த பொருளைப் பின்தொடர்ந்துதான் கேப்டோப்ரில் என்ற இரத்த அழுத்த மருந்து உருவானது. 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனலாப்ரில் அதன் தம்பி. விடாமல் போட்டுக்கொள்.

மற்றவை அடுத்த கடிதத்தில்.

அன்புடன்,
வித்யா