லாலியின் கதையில் கீழ்வேளூர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்தவாசிப் போர் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1760 ஜனவரி 22-ல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலியைக் கட்டுரையாளர் பலிகடா என்கிறார். வந்தவாசியைப் பொறுத்தவரை எனக்கும் அதில் மறுப்பில்லை. சம்பளம் கிடைக்காமல் முந்தைய ஆண்டே கலகம் செய்த படை, கரையை விட்டுப் போய்விட்ட கப்பல்கள், தளபதி எப்போது விழுவார் என்று காத்திருந்த புதுச்சேரி அதிகாரிகள். இவற்றை வைத்துக்கொண்டு யார் வந்திருந்தாலும் ஜெயித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஆனால் கட்டுரை 1758 ஜூனில் ஆங்கிலேயரின் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டை லாலியிடம் பிடிபட்டதைச் சொல்லிவிட்டு, ஒரே தாவலில் அந்த ஆண்டுக் கடைசியில் நடந்த சென்னை முற்றுகைக்குப் போய்விடுகிறது. நடுவில் லாலி எங்கே இருந்தார்? எங்கள் தஞ்சை, நாகப்பட்டினம் பக்கம் இருந்தார்.

கையில் காசில்லை. தஞ்சை மன்னர் பிரதாபசிங் முன்பு, ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிப்புக்கு எழுதிக் கொடுத்த 56 லட்ச ரூபாய்க் கடன் பத்திரம் ஒன்று புதுச்சேரியில் கிடந்தது. அதை வசூலிக்கக் காரைக்கால் வழியாகப் படை நடத்தி வந்தார். வண்டிமாடு, அரிசி, வெடிமருந்து எதற்கும் முன்னேற்பாடு கிடையாது. வழியில் தேவிக்கோட்டையில் படைக்குக் கிடைத்தது குத்தாத நெல் மட்டும்தான். நாகூரைக் கொள்ளையடிக்கும் உரிமையைத் தன் குதிரைப்படை அதிகாரிக்கே விலைக்குக் கொடுத்தார். வெடிமருந்துக்கு நாகப்பட்டினம் டச்சுக்காரர்களையும் தரங்கம்பாடி டேனியர்களையும் நெருக்கினார்.

பிறகுதான் கீழ்வேளூர். கேடிலியப்பர் கோயிலில் புதையல் இருக்கிறது என்று எவரோ சொல்லியிருக்க வேண்டும். வீடுகளைக் குடைந்தார்கள், குளங்களைத் துழாவினார்கள், விக்கிரகங்களை எடுத்தார்கள். அவை தங்கமில்லை, வெண்கலம். கோயிலைச் சுற்றி நடமாடிய பிராமணர்கள் ஆறு பேரை ஒற்றர்கள் என்று பிடித்து, பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். இதை எழுதி வைத்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் அல்ல. அந்தப் போர்களின் வரலாற்றை எழுதிய வெள்ளைக்காரர்களே.

இந்தச் செய்தி எத்தனை வேகமாகப் பரவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊரார் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சோழநாடு சோறுடைத்து என்பார்கள். அந்தச் சோழநாட்டில் ஒரு படை பட்டினி கிடந்தது. இது பாரிஸ் செய்த துரோகமா, புதுச்சேரி கவர்னர் செய்த சதியா? தளபதியே தேடிக்கொண்டது என்பேன்.

தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டது ஆடி மாதம். மன்னர் தொகையைப் பேசிப் பேசியே நாளைக் கடத்தினார். மதில் உடையும் நிலைக்கு வந்தபோது வெடிமருந்து தீரும் நிலைக்கு வந்திருந்தது. திருச்சியிலிருந்து ஆங்கிலேயர் அனுப்பிய சிப்பாய்களும் கோட்டைக்குள் இருந்தார்கள். ஆகஸ்ட் 3-ல் பிரெஞ்சுக் கடற்படை ஆங்கிலேயரிடம் அடிவாங்கிய செய்தி வந்ததும் லாலி முற்றுகையைக் கைவிட்டார். காரைக்கால் வரை தஞ்சைக் குதிரைப்படை துரத்தியது. பத்திரப்பணம் முழுதாக வரவில்லை. அந்தப் பணம் வந்திருந்தால் சென்னையும் வந்தவாசியும் வேறு மாதிரி நடந்திருக்கலாம் என்று வாதிடக்கூட இடமிருக்கிறது.

1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. கைதியாக இங்கிலாந்து போன லாலி, தன் மேல் சொல்லப்பட்ட பழியைத் துடைக்கத் தானே கேட்டுப் பிரான்ஸ் திரும்பினார். அந்தத் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். 1766 மே 9-ல், பேசவிடாமல் வாயை அடைத்துக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அவருக்காக எழுதினார், மகன் விடாமல் போராடினார், 1778-ல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. நியாயம்தான். ஆனால் அவரைக் கொன்ற தீர்ப்பின் மையம், பிரெஞ்சு மன்னரின் நலனுக்குத் துரோகம் செய்தார் என்பது. துரோகி இல்லை என்று தெரிந்துவிட்டதாலேயே அவர் நல்ல தளபதி ஆகிவிட மாட்டார். கீழ்வேளூரில் செத்த ஆறு பேருக்காக வாதாட மகனும் இல்லை, வால்டேரும் இல்லை. அவர்கள் பெயர்கூட நமக்கு வரவில்லை.

கட்டுரையாளரை நான் குறை சொல்லவில்லை. வந்தவாசியை அவ்வளவு தெளிவாக விளக்கியவர் இந்த இரண்டு மாதங்களையும் எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன். அப்படியே தஞ்சைத் தளபதி மானோஜியைப் பற்றியும் நாலு பத்தி எழுதச் சொல்லுங்கள். தோற்றவருக்கு இத்தனை பக்கம் ஒதுக்கும்போது, அவரைத் திருப்பி அனுப்பியவருக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கீழ்வேளூர்