ஈசிஆர்ல ரிசார்ட் மட்டும்தான் இருக்கா?

ஆசிரியர் சார், வணக்கம். போன ஞாயித்துக்கிழமை சென்னை ஈசிஆர்ல (கிழக்கு கடற்கரைச் சாலை) எங்க போலாம்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, ரிசார்ட்டு பீச் கஃபே எல்லாம் இருந்துச்சு, ஈஞ்சம்பாக்கம் சோழமண்டல் ஓவியர் கிராமத்த மட்டும் காணோம். 1966ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தன்னோட ஸ்டூடண்ட்ஸையும் சக ஆர்ட்டிஸ்ட்டுங்களையும் சேத்துக்கிட்டு கடலோர மணல்ல ஆரம்பிச்ச இடம் அது. படம் வித்து மட்டும் வயித்த கழுவ முடியாதுன்னு மெழுக உருக்கி துணியில கோடு போட்டு சாயத்துல முக்கி பாத்திக் பண்ணி வித்தாங்க, அந்த காசுலதான் நிலத்தயே வாங்குனாங்க. இத ஏன் யாருமே பெருசா எழுத மாட்டேங்கறீங்கன்னு தெரியல.

அங்க இருந்த வாசுதேவ் மரத்தையே வருஷக்கணக்கா விதவிதமா வரைஞ்சாரு, பணிக்கர் பையன் நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் வெல்டு பண்ணி சிலை செஞ்சாரு. போன மாசம் என் பேத்திய கூட்டிட்டு போயிருந்தேன், வெளிய வெட்டவெளியில நிக்கற ஒரு சிலையில உப்புக்காத்து பட்டு பச்சையா பூத்திருந்துச்சு, அவ விரலால தடவி பாத்துட்டு "தாத்தா இது பாசியா, பெயிண்ட்டா"ன்னு கேட்டா, எனக்கே சட்டுன்னு பதில் வரல (தொடக்கூடாதுன்னு அப்புறம்தான் சொன்னேன்). உள்ள மியூசியமும் இருக்கு, நாங்க போனப்ப எங்கள தவிர நாலு பேரு, அதுல ரெண்டு பேரு வெளிநாட்டுக்காரங்க. அடுத்த தடவை லிஸ்ட் போடும்போது ஒரு ஃபோட்டோவாவது சேத்து போடுங்க சார்.

– ஒரு வாசகர், திருவான்மியூர்