டால்டனின் நீர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அணுக்கொள்கை பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, ஜான் டால்டன் 1808-இல் வெளியிட்ட நூலோடு எல்லாம் தெளிந்துவிட்டது போன்ற தோற்றத்தைத் தருகிறது. நீரின் நுண்துகளில் ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் மட்டுமே உள்ளன என்று அவர் கொண்டார். இரு தனிமங்கள் சேர்ந்த ஒரே ஒரு சேர்மம்தான் தெரியவந்திருக்கிறது என்றால் அது ஒன்றுக்கு ஒன்றாகவே இருக்கும் என்பது அவரே வகுத்துக்கொண்ட விதி, ஆய்வின் முடிவு அன்று. அதனால் அவருடைய பட்டியலில் ஹைட்ரஜனை 1 எனக் கொண்டு கணித்த ஆக்சிஜனின் அணு எடை 7 என்றே நின்றது (எடைகளைத் துல்லியமாக அளந்திருந்தாலும் 8 தான் கிடைத்திருக்கும்; நீரில் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு என்பதால் இன்றைய மதிப்பு 16).

கன அளவில் இரு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் கூடி இரு பங்கு நீராவியாகின்றன என்று பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் காட்டியபோதும் டால்டன் அதை ஏற்கவில்லை. சம கன அளவு வாயுக்களில் துகள்களின் எண்ணிக்கையும் சமம் என்று கொண்டு அதை ஏற்றிருந்தால், ஒரு பங்கு ஆக்சிஜன் இரு பங்கு நீராவிக்குப் பகிரப்படுவதால், ஆக்சிஜன் அணுவையே பிளக்க வேண்டி வந்திருக்கும். பிளவுபடுவது அணு அன்று, இரண்டாகப் பிரியக்கூடிய மூலக்கூறே என்ற பொருளில் 1811-இல் இத்தாலிய அறிஞர் அவகாட்ரோ தந்த விடை, 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த வேதியியலாளர் மாநாட்டில் மற்றோர் இத்தாலியரான கன்னிசாரோ எடுத்துரைக்கும் வரை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அரைப் பக்கக் கட்டுரையில் அவகாட்ரோவின் பெயரே இடம்பெறாதது வியப்பளிக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்