38 கேள்வி கேட்டவர்கள் என் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதாமாதம் வீட்டுக்கே வந்து சேரும் 'உங்களுக்காகத் தேர்ந்தெடுத்த' உடைப் பெட்டிகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை படித்தேன். மண்ணுக்கும் தண்ணீருக்கும் கெடுதல் செய்யாமல் உடுத்த அது நல்ல வழி என்று எழுதியிருந்தார்கள். அப்படியொரு பெட்டியை இரண்டு மாதம் வாங்கிப் பார்த்தவள் நான். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 24 வருடம் செக்கிங்கில், அதாவது துணியின் தரம் பார்க்கும் வேலையில் இருந்துவிட்டு வீட்டோடு இருப்பவள். அந்த இரண்டு காரணத்தாலும் இந்தக் கடிதம்.

சந்தா கட்டியது என் மகள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். துணி விஷயத்தில் அவளுக்கு மனச்சாட்சி உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று நாலு வாங்கி, இரண்டு துவைப்பில் தூக்கிப் போடுவது அவளுக்குப் பிடிக்காது. "அம்மா, ஊருக்கெல்லாம் நீ பாத்துப் பாத்து அனுப்புன. உனக்குன்னு ஒருத்தங்க பாத்து அனுப்பட்டுமே" என்று சொல்லி, பசுமையைப் பெரிதாகப் பேசும் ஒரு கம்பெனியாகத் தேடிப் பிடித்தாள். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. என் மனத்தாங்கல் ஒரு கம்பெனியோடு நிற்பதல்ல. மாதம் 499 ரூபாய் தேர்வுக் கட்டணம். நாலு உடை வரும். பிடித்ததை வைத்துக்கொண்டு அதற்கு மட்டும் விலை கொடுக்கலாம். மற்றதை நாலு நாளைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

முதலில் செல்போனில் ஒரு படிவம் வந்தது. 38 கேள்வி. உயரம், எடை, தோள் அகலம், இடுப்பு, உடம்பு பேரிக்காய் மாதிரியா ஆப்பிள் மாதிரியா, எந்த நிறம் ஆகாது, கோயிலுக்கு அதிகம் போவீர்களா, வேலைக்குப் போவீர்களா. எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து உண்மையாகப் பதில் எழுதினேன். மேல்கை சுற்றளவை மட்டும் கேட்கவில்லை. ஐம்பது தாண்டிய பெண்களுக்கு ரெடிமேட் துணி மாட்டிக்கொள்ளும் இடமே அதுதான். எங்கள் தெரு டெய்லர் டேப்பை எடுத்ததும் முதலில் அங்கேதான் வைப்பார்.

ஒன்பதாம் நாள் பெட்டி வந்தது. செக்கிங்கில் இருந்தவர்களுக்குப் பழக்கம் போகாது. டியூப்லைட்டுக்கு நேர் கீழே மேசை மேல் வெள்ளை பெட்ஷீட்டை விரித்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பிரித்தேன். வெளியே பிளாஸ்டிக் உறை, அதற்குள் அட்டைப்பெட்டி, அதற்குள் மெல்லிய காகிதம், ஒவ்வொரு உடைக்கும் ஒரு பாலித்தீன் கவர், ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் நாலு. மேலே ஒரு அட்டை. 'பூமிக்கு உகந்தது, பொறுப்போடு செய்தது' என்று ஆங்கிலத்தில் பச்சை எழுத்தில் இருந்தது. நாலு உடைக்கும் சேர்த்து அந்த ஒரே அட்டைதான்.

டி-ஷர்ட்டை எடுத்ததுமே கைக்குத் தெரிந்தது, 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) இருந்தாலே அதிகம். லேபிளில் தயாரித்த ஊர் திருப்பூர். இங்கே தைத்தது மும்பைப் பக்கம் பிவண்டி கிடங்குக்குப் போய், அங்கிருந்து லாரியில் மறுபடி திருப்பூர் வந்திருக்கிறது. அதைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டு மறுநாள் மடித்தேன். அக்குளிலிருந்து நேராக இறங்க வேண்டிய பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வந்து நின்றது. நூலின் முறுக்கு அடங்காமல், துணியைச் சரியாக காம்பேக்டிங் பண்ணாமல் (பின்னால் சுருங்காதபடி முன்கூட்டியே அழுத்திச் சுருக்காமல்) அவசரத்தில் கட்டிங்குக்கு அனுப்பினால் இப்படித்தான் திரும்பும். எக்ஸ்போர்ட் செக்கிங்கில் இதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். இன்னும் நாலு துவைப்பில் அதைப் போட்டுக்கொண்டு யாரும் வெளியே போக மாட்டார்கள். ஒரு வருடம் உழைக்காத துணியை எந்தப் பருத்தியில் செய்திருந்தால்தான் என்ன?

பலாசோ பேண்ட்டின் மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசம் வரும், சாம்பல் தொட்டால் உதிரும். இது உருகிச் சுருண்டு, கடுகளவு கறுப்பு மணியாக இறுகி நின்றது. பாலியஸ்டர். லேபிளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். 65 சதவீதம் பாலியஸ்டர், 35 சதவீதம் பருத்தி என்று பொடி எழுத்தில் இருந்தது. லேபிள் பொய் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்படிக் கலந்த துணியின் கடைசிக் காலம் என்ன என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சுத்தமான பருத்திக் கட்டிங் வேஸ்ட்டைக் கலர் வாரியாகப் பிரித்துக் கிழித்துப் பஞ்சாக்கி, கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும் ஓ.இ. மில்லில் மறுபடி நூலாக ஓட்டுகிறார்கள். கலர் பிரித்தே ஓட்டுவதால் சாயம்கூடப் போட வேண்டியதில்லை. கலப்புத் துணியில் பருத்தியையும் பாலியஸ்டரையும் அப்படிப் பிரித்தெடுக்க முடியாது.

அரக்கு நிற டாப் ஒன்று. வெள்ளைத் துண்டை நனைத்துப் பத்துத் தடவை தேய்த்தேன். துண்டில் வெற்றிலை எச்சில் மாதிரி இறங்கியது. நாலாவது, கடுகு மஞ்சளில் ஒரு குர்தி. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அன்று ராத்திரியே அவர்களுக்கு மூன்று கேள்வி எழுதி அனுப்பினேன். மகள்தான் ஆங்கிலத்தில் போட்டுக் கொடுத்தாள். இந்தத் துணிகளுக்குச் சாயம் போட்டது எந்த ஊர், எந்தப் பட்டறை? டி-ஷர்ட்டில் 'ஆர்கானிக்' என்று போட்டிருக்கிறீர்களே, சான்றிதழின் உரிம எண் என்ன? நான் திருப்பி அனுப்பும் உடை அடுத்து எங்கே போகிறது? மூன்றாம் நாள் நன்றி தெரிவித்து ஒரு பதில் வந்தது, கூடவே 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். மறுபடி எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை. இரண்டாம் மாதப் பெட்டியில் அதே பச்சை அட்டை இருந்தது.

சாயப்பட்டறையைப் பற்றி இந்த அம்மா எதற்கு இவ்வளவு கேட்கிறாள் என்று தோன்றலாம். என் அம்மா ஊர் சென்னிமலைப் பக்கம், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. விவசாயத்துக்கென்று கட்டிய அணையில் நொய்யலோடு வந்த சாயத் தண்ணீர் தேங்கியது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. குழந்தைகளைக் குளிப்பாட்டினால் தலைமுடி சிக்குப் பிடித்துவிடும். பருத்திக்கு அடர் நிறம் ஏற்ற உப்பு கிலோக்கணக்கில் கொட்ட வேண்டும், அந்த உப்பெல்லாம் ஆற்றுக்குத்தான் போனது. என் மாமா தென்னையை வெட்டிவிட்டுப் பவர்லூமுக்குப் போனார்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடாத ஏற்பாடு செய்த பிறகுதான் திறக்கலாம் என்று உத்தரவு. அது நியாயமான உத்தரவு என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் அந்த வருடம் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது கஷ்டத்தில்தான். துணி சாயத்துக்குப் போகாவிட்டால் கட்டிங் இல்லை, தையல் இல்லை, செக்கிங் இல்லை. லைனில் என்னோடு இருந்த ஒடிசாப் பெண்கள் இரண்டு பேர் ஊருக்கே திரும்பிப் போனார்கள். அதன்பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிசெய்து, தண்ணீரைப் பிரித்து, ஆவியாக்கி, உப்பைக்கூட மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். சாயக் கூலி ஏறியது அதனால்தான்.

அந்தச் செலவைத் தாங்கிச் சரியாகச் செய்யும் பட்டறையும் இருக்கிறது, எங்கோ ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிடுகிற பட்டறையும் இருக்கலாம். எந்தப் பட்டறை என்று சொல்லாமல் 'பூமிக்கு உகந்தது' என்று பொதுவாக அச்சடித்தால், சரியாகச் செய்கிறவருக்குக் கிடைக்க வேண்டிய பெயரும் விலையும் எல்லோருக்கும் பங்காகிவிடுகிறது. என் கோபம் அதில்தான். தைத்த ஊரை லேபிளில் போட முடிகிறது, சாயம் போட்ட இடத்தைப் போட முடியாதா?

ஆர்கானிக் கேள்வியும் வீம்புக்குக் கேட்டதல்ல. எங்கள் கம்பெனியில் ஜிஓடிஎஸ் (இயற்கை வேளாண் நார்த் துணிக்கான உலகத் தரச் சான்று) ஆர்டர் ஓடிய காலத்தில் பஞ்சு, நூல், துணி என்று ஒவ்வொரு படிக்கும் காகிதம் இருக்கும். 95 சதவீதத்துக்குக் குறையாமல் இயற்கை வேளாண் நார் இருந்தால்தான் 'ஆர்கானிக்' என்று லேபிள் போடலாம். 70 சதவீதம் இருந்தால் அதற்கு வேறு வாசகம். சான்று கொடுத்தவர் பெயரும் உரிம எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். எண் இருந்தால் யாரும் இணையத்தில் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு வந்த டி-ஷர்ட்டில் 'ஆர்கானிக்' என்ற சொல் மட்டும் இருந்தது. எண் இல்லை. 2020-இல் இந்தியப் பருத்தி 20,000 டன் போலிச் சான்றிதழோடு போயிருப்பதாக ஜிஓடிஎஸ் அமைப்பே அறிவித்தது. அந்தச் செய்தி வந்த வாரம் ஒழுங்காகத் தொழில் செய்கிற முதலாளிகள் எங்கள் ஊரில் தலைகுனிந்து நின்றதைப் பார்த்தேன். எண் கேட்பது வாங்குகிறவரின் உரிமை.

திருப்பி அனுப்பிய துணியைப் பற்றி. இரண்டு மாதத்தில் எட்டு உடை வந்தது, அதில் ஏழு உடையைத் திருப்பி அனுப்பினேன். ஏழும் மும்பைப் பக்கம் போய்ச் சேர மறுபடி டீசல், மறுபடி கவர். அங்கே பிரித்து, அயர்ன் பண்ணி, வேறொருவருக்கு அனுப்புகிறார்களா, மொத்தமாக யாரிடமாவது தள்ளுகிறார்களா, குப்பைக்குப் போகிறதா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஜூலை 19 முதல் பெரிய நிறுவனங்கள் விற்காத துணியை அழிக்கத் தடை. அங்கே ஏற்றுமதி செய்கிற எங்கள் ஊர்க் கம்பெனிகள் இதைப் பற்றித் தினமும் பேசுகின்றன. இங்கே விற்கிறவர்களும் தங்கள் கணக்கைச் சொல்லலாம்.

சந்தாவை நிறுத்தப் பட்ட பாட்டையும் எழுதியாக வேண்டும். சேர்வதற்கு ஒரு பொத்தான் இருந்தது. விலகுவதற்குப் பொத்தானே இல்லை, போனில் கூப்பிட வேண்டும், அதுவும் வேலை நேரத்தில். மகள் மூன்று நாள் முயற்சி செய்து நிறுத்தினாள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் இப்படிச் சந்தாவில் மாட்ட வைப்பதைத் தவறான வணிக முறை என்று குறித்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில் அதே ஆணையம் போலிப் பசுமை விளம்பரத்துக்கும் விதி கொண்டுவந்தது. இயற்கைக்கு உகந்தது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது, ஆதாரம் வேண்டும், அதை வாங்குகிறவர் பார்க்கும்படி கியூஆர் குறியீட்டிலாவது கொடுக்க வேண்டும். 1915 என்ற எண்ணில் யாரும் புகார் சொல்லலாம். நானும் சொல்லியிருக்கிறேன்.

மாதாமாதம் பணம் கட்டித் துணி எடுப்பது நமக்குப் பழக்கமில்லாததல்ல. கோ-ஆப்டெக்ஸில் சேமிப்புத் திட்டம் உண்டு. மாதாமாதம் கட்டி, முடிவில் மொத்தமாகக் கைத்தறி எடுத்துக்கொள்ளலாம். என் மாமியார் அப்படிக் கட்டி எடுத்த சென்னிமலைப் போர்வையில் என் பேரன் படுக்கிறான். பணம் மாதாமாதம் போனாலும் துணி மாதாமாதம் வரத் தேவையில்லை. பெட்டிக்காரர்களும் வருடத்துக்கு இரண்டு தடவை அனுப்பட்டுமே. நல்ல துணியாக, உள்ளே ஒரு இஞ்ச் தையல் விட்டு அனுப்பட்டும். வந்த எட்டு உடையிலும் ஓவர்லாக்கை ஒட்ட வெட்டியிருந்தார்கள், பிரித்து விட ஒரு நூல் அளவுகூட இடம் இல்லை. "வளர்ற புள்ள, உள்ள புடிச்சு வுடுங்க" என்று டெய்லரிடம் சொல்லித் தைத்து மூன்று வருடம் போட்ட பாவாடைகள் எங்களுக்கெல்லாம் உண்டு. ஒருத்தியின் உடம்புக்கென்று தனியாகத் தேர்ந்தெடுக்கிறோம் என்று சொல்கிறவர்கள், அந்த உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் துணி கூட வரும்படி தைக்கச் சொல்ல வேண்டாமா?

இனி அந்தக் கடுகு மஞ்சள் குர்தி. சுத்தப் பருத்தி, தையலில் குறை இல்லை, தேய்த்துப் பார்த்ததில் துண்டு வெள்ளையாகவே இருந்தது. கடையில் நானாக அந்த நிறத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன். போட்டுப் பார்த்தால் எனக்கு நன்றாக இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்த பெண் யாரோ, அவளுக்குக் கண் இருக்கிறது. கை மட்டும்தான் இறுக்கிப் பிடித்தது. தெரு டெய்லரிடம் கொடுத்தேன். அடியில் இரண்டு இஞ்ச் நீளம் அதிகமாக இருந்ததை வெட்டி, அந்தத் துண்டையே அக்குளில் முக்கோணமாக வைத்துத் தைத்துக் கொடுத்தார். எண்பது ரூபாய். இப்போது கையைத் தாராளமாகத் தூக்க முடிகிறது. வாரத்தில் இரண்டு நாள் அதைத்தான் போடுகிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பெட்டிகளைப் பற்றி மறுபடி எழுதும்போது உங்கள் செய்தியாளர் அந்தக் கம்பெனிகளிடம் என் மூன்று கேள்வியையும் கேட்கட்டும். பதில் வந்தால் சாயப்பட்டறையின் பெயரோடு போடுங்கள். வராவிட்டால் 'பதில் வரவில்லை' என்று அதே பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் தரப் பரிசோதகர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.