நீ அனுப்பிய பிளேலிஸ்ட்டில் ஒரு பாட்டு குறைகிறது

கண்ணு,

நீ அனுப்பிய பிளேலிஸ்ட் வந்தது. "அம்மாவின் 90ஸ்" என்று பெயர் வேறு வைத்திருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன், 64 பாட்டு. மூன்று நாளாகச் சமையலறையில் அதுதான் ஓடுகிறது, அப்பா இரண்டு முறை வந்து சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனார், நான் இரண்டு முறையும் கூட்டி வைத்தேன். எப்படி இருக்கிறதென்று நீ கேட்டதற்கு வெறும் கட்டைவிரல் படம் அனுப்பினேனாம், அதில் உனக்கு வருத்தமாம், உன் தங்கை சொன்னாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் நீ அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும்.

பாட்டெல்லாம் சரிதான். ஆனால் ஒரு பாட்டு முடிகிற இடத்தில் எனக்குள்ளே அடுத்த பாட்டு தானாக ஆரம்பித்துவிடுகிறது, உன் லிஸ்ட்டில் வேறெதுவோ வருகிறது. படி இருக்கும் என்று காலை வைத்தால் தரை வருமே, அந்த மாதிரி. என் கேசட்டில் இருந்த வரிசை அது. நான் போட்ட வரிசை.

1992 ஆகஸ்டில் ரோஜா வந்தபோது நான் பிளஸ் ஒன். ரஹ்மானுக்கு அப்போது 25 வயது, எனக்கு 16. எங்கள் தெருவில் யாரிடமும் பெரிய ஸ்பீக்கர் கிடையாது. பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு காரியம் செய்தார், தண்ணீர்ப் பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்து ஒயரை இழுத்துவிட்டார். அடிச்சத்தம் அப்படியே சுவரில் இறங்கியது. அதற்கு முன்பு பாட்டு என்றால் காதில் கேட்பது, அன்றைக்கு வயிற்றில் கேட்டது. பத்து நாளில் ராயபுரத்தில் எத்தனை வீட்டில் பானை காணாமல் போனதோ தெரியாது, எங்கள் வீட்டில் ஒன்று போனது, பாட்டி உன் மாமாவை விளக்குமாற்றால் விரட்டினார்.

கடையில் படத்தின் கேசட்டே விற்கும், ஆனால் அதில் நமக்குப் பிடித்தது இரண்டோ மூன்றோதான் இருக்கும். அதனால் வெற்றுக் கேசட் வாங்கி, பாட்டை எல்லாம் ஒரு தாளில் எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுப்போம். கேசட் காசு தனி, பதிவுக் கூலி தனி. கல்மண்டபம் பக்கம் ஒரு கடை இருந்தது, வாசலில் எப்போதும் பையன்கள் நிற்பார்கள், பெண்பிள்ளைகள் போய் நிற்க முடியாது. நான் எழுதிக் கொடுப்பேன், மாமா எடுத்துப்போவான். அவனுக்குக் கமிஷன் உண்டு, சில சமயம் ஒரு ரோஸ்மில்க், சில சமயம் அவனுக்கு வேண்டிய ஒரு பாட்டை என் கேசட்டில் சேர்த்துக்கொள்வது.

தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ரீல் மெல்லிசு, சீக்கிரம் சிக்கும், அறுபதே எடு என்று கடைக்காரரே சொல்வார். அறுபது என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறு பாட்டு. ஆறு பாட்டுக்குள் எதை வைப்பது எதை விடுவது என்று ராத்திரி எல்லாம் யோசிப்பேன், பிளஸ் டூ கெமிஸ்ட்ரிக்குக்கூட அப்படி யோசித்ததில்லை. ஆறுக்கு அப்புறமும் கொஞ்சம் ரீல் மிச்சம் இருக்கும். வெறுமையாக விட வேண்டாமென்று அவர் ஏழாவதாக ஒன்றை ஆரம்பித்துவிடுவார், அது முதல் சரணத்தோடு டக்கென்று நிற்கும். உன் லிஸ்ட்டில் 23வது பாட்டு இருக்கிறதே, அதற்கு இரண்டாவது சரணம் இருக்கிறதென்று எனக்கு இந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரியும். 33 வருஷம் கழித்து. யாரோ புதுசாக எழுதிச் சேர்த்தது போல இருந்தது, சத்தியமாகப் பிடிக்கவில்லை. (பென்சில் விட்டுக் கேசட் சுற்றிய கதையை எழுதாமல் விடுகிறேன், ஊரில் எல்லாரும் எழுதி முடித்துவிட்டார்கள்.)

இப்போது உன் லிஸ்ட்டில் ஒரு குறை சொல்கிறேன், கோபிக்காதே. ராஜா இருக்கிறார், ரஹ்மான் நிறைய இருக்கிறார். தேவா பாட்டு மொத்தமே இரண்டு. நீங்கள் எல்லாம் அந்தக் காலத்தை ராஜா கட்சி, ரஹ்மான் கட்சி என்று இரண்டாக வெட்டிவிட்டீர்கள். எங்கள் பக்கம் மூன்று கட்சி. 1992இல் அண்ணாமலை, 1995இல் பாட்ஷாவும் ஆசையும், 1996இல் காதல் கோட்டை, எல்லாம் அவர் இசைதான். ஆட்டோ ஸ்டாண்டில் அவர், டீக்கடையில் அவர், ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது காலையில் எல்.ஆர். ஈஸ்வரி அம்மன் பாட்டு முடிந்ததும் சவுண்ட் சர்வீஸ்காரர் போடுவது அவரைத்தான். கானாவை சினிமாவுக்குள் தைரியமாகக் கொண்டுபோய் உட்கார வைத்தவரும் அவர்.

நான் அந்தக் கட்சியில் இல்லை. நான் ரஹ்மான் கட்சி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஏன் என்று இப்போது சொன்னால் நீ சிரிப்பாய். கல்லூரியில் எங்கே வீடு என்று கேட்டால் நான் ராயபுரம் என்று சொல்ல மாட்டேன், பாரிமுனை பக்கம் என்பேன். ராயபுரம் என்றால் உடனே ஒருத்தி மூக்கைப் பொத்தி மீன் என்பாள், இன்னொருத்தி "இன்னாமே" என்று பேசிக் காட்டுவாள், கூட நானும் சிரிப்பேன். கூடச் சிரித்தது இன்றைக்கும் உறுத்துகிறது. தேவா பாட்டு பிடிக்கும் என்றால் வீட்டு முகவரியைச் சொன்ன மாதிரி. அதனால் பிடிக்காது.

சரி, மாமா கேசட்டை அழித்த கதைக்கு வருகிறேன். உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன், "அந்தப் பாவி என் ரஹ்மான் பாட்டை அழித்துவிட்டான்" என்று. முழுசாகச் சொன்னதில்லை.

1996இல் எதிர்வீட்டுத் தாத்தா இறந்துபோனார். காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சில் போய்க்கொண்டிருந்தவர். ராத்திரி பந்தல் போட்டு, ட்யூப் லைட் கட்டி, கானா பாட ஆள் வந்தார்கள். உன் நண்பர்கள் கானா என்றால் சினிமாவில் ஆடுகிற பாட்டு என்று நினைப்பார்கள். எங்களுக்கு அது சாவு வீட்டில் விடிய விடியப் பாடுவது. ஒருத்தர் டோலக், ஒருத்தர் மேசையைத் தட்டுவார், பாடுகிறவர் இறந்தவரைப் பற்றி வீட்டாரிடம் பத்து நிமிடம் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்த மனுஷனின் வாழ்க்கை முழுக்க பாட்டாக வரும். தாள் கிடையாது. மறுநாள் அதையே பாடச் சொன்னால் அவருக்கே வராது. நாங்கள் பெண்பிள்ளைகள் மாடியில் நின்று கைப்பிடிச் சுவரில் தாடையை வைத்துக்கொண்டு கேட்டோம்.

மாமா என்ன செய்தான், நம் வீட்டு டூ இன் ஒன்னில் (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி) ஆறு பேட்டரியைப் போட்டுத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் போய்விட்டான். பதிவுசெய்ய வெற்றுக் கேசட் இல்லை. என் கேசட்டை எடுத்தான். கேசட் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னதாக பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அதை உடைத்துவிட்டால் ரெக்கார்ட் பட்டன் அழுந்தாது, நான் முன்ஜாக்கிரதையாக இரண்டையும் உடைத்துத்தான் வைத்திருந்தேன். அந்த ஓட்டையில் பீடிக்கட்டுத் தாளை மடித்துத் திணித்திருக்கிறான். நான் ஒரு மாசம் அவனோடு பேசவில்லை. அந்தக் கேசட்டை அப்புறம் நான் தொடவே இல்லை.

போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தோம், அது கிடைத்தது. கடல் காற்று, ரீல் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை, அட்டையில் நான் எழுதின பேர்கள் ஊறிப்போய் வரிசை எண்கள் மட்டும் தெரிகிறது. மாமாவுக்குப் போன் போட்டேன். டூ இன் ஒன் அவன் வீட்டில்தான் இருந்தது, உள்ளே பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக் கிடந்ததாம். ரிச்சி தெருவில் அலைந்து ஒரு பெல்ட் வாங்கி, அவனே மாட்டி, ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து எடுத்துக்கொண்டு நேற்று வந்தான். முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி வந்தான் என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வான்.

ஓடியது கண்ணு. டோலக் சத்தம் வந்தது. தாத்தாவின் லாஞ்சு, அவர் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து பல் விளக்குவது, மூத்த மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கினது, எல்லாம் பாட்டில் வந்தது. நடுவில் ஒரு நாய் குரைத்தது, யாரோ "ஒரு டீ குடுப்பா" என்றார்கள், ஒரு பெண் அழுதுகொண்டே சிரித்தாள். நம் தெரு அப்படியே இருந்தது. அடிபம்பில் யாரோ தண்ணீர்கூட அடித்தார்கள், அது மாமா சொல்லித்தான் எனக்குக் கேட்டது. உன் 64 பாட்டையும் டப்ளினிலும் கேட்கலாம், டோக்கியோவிலும் கேட்கலாம். இது உலகத்தில் இந்த ஒரு பூஞ்சை பிடித்த கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. நான் 29 வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தது இதைத்தான்.

முடிந்ததும் மாமா, "ரீவைண்ட் பண்ணு, ஆரம்பத்தில் உன் ரஹ்மான் கொஞ்சம் மிச்சமிருக்கும், கேட்டு அழு" என்றான். சுற்றினோம். அவன் ரெக்கார்ட் அழுத்துவதற்கு முன்னால் ஒரு பல்லவி பிழைத்திருக்கிறது.

ரஹ்மான் இல்லை. தேவா.

"நீதான்டா மாற்றி எழுதிக் கொடுத்திருப்பாய், கமிஷன் பாட்டு" என்றேன். அவன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். அதற்குள் கிளிக் என்று சத்தம் வந்து பாட்டு அறுந்தது, டோலக் ஆரம்பித்தது, நான் நிறுத்தவில்லை, சரணம் என் வாயில் வந்துகொண்டே இருந்தது, இரண்டாவது சரணமும், நடுவில் வருகிற புல்லாங்குழலும்கூட. மாமா டேப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். "இன்னாமே" என்றான்.

ரீல் இன்னொரு முறை தாங்காதாம். நீ ஜனவரியில் வரும்போது கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஒயர் எடுத்து வா, அதுவரை அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன், ஈரம் படாது. அப்புறம் அந்தத் தேவா பாட்டை லிஸ்ட்டில் சேர்த்துவிடு, எந்தப் பாட்டென்று போனில் பாடிக் காட்டுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் போடு.

அம்மா